ஒரே சோர்ஸ், மூணு சிப்: எல்பிசி2148, எஃப்103, ஜி071 மூன்றுக்கும் பில்டு எடுப்பது எப்படி?

ஆரல்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகளில் மாட்டியிருக்கும் டேட்டா லாகரோட ஃபர்ம்வேர் பற்றிய கேள்வி. காற்றுமானி பல்ஸை எண்ணணும், திசைமானி வோல்டேஜை ஏடிசியில் வாங்கணும், பத்து நிமிஷ சராசரியை ஆர்எஸ்485 வழியா மோட்பஸ் ஆர்டியூவில் கொடுக்கணும். வேலை அவ்வளவுதான். ஆனா போர்டு மூணு தலைமுறை இருக்கு.

பழையது எல்பிசி2148 (ஆர்ம்7டிடிஎம்ஐ-எஸ்). அடுத்தது எஸ்டிஎம்32எஃப்103சி8 (கார்டெக்ஸ்-எம்3). இப்ப வர்றது எஸ்டிஎம்32ஜி071 (கார்டெக்ஸ்-எம்0+). மேலே இருக்கும் பழைய போர்டுகளை இறக்கி மாத்த வாடிக்கையாளருக்கு மனசில்லை. ஆனி, ஆடிக் காத்துல கோபுரத்துல ஏறவும் ஆள் கிடைக்காது. அதனால மூணுக்கும் ஒரே சோர்ஸிலிருந்து பில்டு வரணும்.

கம்பைலர் ஆர்ம் குனு டூல்செயின் 13, பில்டு சிமேக், ஆப்டிமைசேஷன் ‘ஓஎஸ்’. மாட்டிக்கிட்டு நிக்கிற இடங்கள் இவை:

எஃப்103-இல் சரியா ஓடுற மோட்பஸ் பார்சர், ஜி071-இல் ஃபங்ஷன் 16 (பல ரெஜிஸ்டரை எழுதுற கட்டளை) வந்த உடனே ஹார்டுஃபால்ட் (சிப் பிழை கண்டு நின்னுடுது). அதே கோடு 2148-இல் விழலை, ஆனா 32 பிட் மதிப்பு தாறுமாறா வருது. உதாரணமா மேல் பைட் சரி, மிச்ச மூணும் எப்பவும் 00 02 04.

ஜி071-க்கு லிங்க் பண்ணும்போது ‘அடாமிக் ஃபெட்ச் ஆட் 4’ கிடைக்கலைன்னு எர்ரர். மத்த ரெண்டு போர்டுக்கு அந்த ஃபைல் இன்னும் பழைய கோடுதான்.

சில பில்டில் ஜி071 மெம்காப்பிக்குள்ள போன உடனேயே விழுது. மோட்பஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் ‘பழைய சிப்னா இப்படி, புது சிப்னா அப்படி’ன்னு இஃப்டெஃப் (கம்பைல் நேர நிபந்தனை) போட்டு சமாளிச்சதுல கோடு வாசிக்கவே முடியாத நிலைக்கு வந்தாச்சு. வேற வழி என்ன?

---

தக்கலை_லிங்கர்:

மூன்றும் மூன்று வேறு நோய். ஆனால் இஃப்டெஃப் எழுதிய விதத்திலேயே முதல் கோளாறு இருக்கிறது. ‘புது சிப்’ என்ற பிரிவே தப்பு. ஜி071 காலத்தால் புதியது, ஆனால் அதிலுள்ள எம்0+ கோர் ஆர்ம்வி6-எம். எஃப்103-இல் இருப்பது ஆர்ம்வி7-எம். கட்டளைத் தொகுதியில் புதியதுதான் சின்னது. ஹார்டுவேர் வகுத்தல் இல்லை, அடாமிக் வேலைக்கான எல்டிஆர்இஎக்ஸ், எஸ்டிஆர்இஎக்ஸ் இல்லை, குறைந்த முன்னுரிமை இன்டரப்ட்களை மட்டும் தடுக்கும் பேஸ்ப்ரி இல்லை, அலைன் ஆகாத (தரவின் அளவால் வகுபடாத) முகவரியில் தொட்டால் நேராக ஹார்டுஃபால்ட். சில விஷயங்களில் அது எம்3-ஐ விட ஆர்ம்7-க்குத்தான் நெருக்கம்.

அதனால் சிப்புக்கு ஒரு தலைப்புக் கோப்பு வைத்து, அதில் திறன்களை மட்டும் அறிவியுங்கள்: அலைன் ஆகாத வாசிப்பு உண்டா, அடாமிக் கட்டளை உண்டா, ஹார்டுவேர் வகுத்தல் உண்டா, ஃப்ளாஷில் ஒரு தடவையில் எத்தனை பைட் எழுத வேண்டும். மற்ற கோடு எதுவும் சிப் பெயரையே பார்க்கக் கூடாது. நாளை எம்33 வந்தால் ஒரு தலைப்புக் கோப்பும் ஒரு லிங்கர் ஸ்கிரிப்டும் கூடும், இஃப்டெஃப் கூடாது.

இனி மெம்காப்பி. ‘எம்சிபியு’ ஃபிளாகைக் கம்பைலுக்கு மட்டும் கொடுத்து லிங்க் வரியில் விட்டிருப்பீர்கள், அதுவும் சில டார்கெட்டில் மட்டும். ஜிசிசி லிங்க் நேரத்தில் அதே ஃபிளாகைப் பார்த்துத்தான் எந்த நியூலிப் (சி நூலகம்) என்று தேர்ந்தெடுக்கிறது. ஃபிளாக் இல்லையென்றால் இயல்பாக இருப்பதை எடுக்கும். அது 32 பிட் ஆர்ம் நிலைக் கோடு. எம்0+-க்குத் தம்ப் (சுருக்கக் கட்டளை நிலை) மட்டும்தான் தெரியும், ஆகவே நூலகத்துக்குள் கால் வைத்ததும் விழும். வேடிக்கை என்னவென்றால் லிங்கர் இதற்கு எர்ரர் கொடுக்காமலே விட்டுவிடும்.

சோதிக்க: ஜிசிசிக்கு உங்கள் ஃபிளாகுகளோடு ‘பிரின்ட் மல்ட்டி டைரக்டரி’ கொடுத்தால் எந்தத் துணை அடைவு என்று சொல்லும். எஃப்103-க்குத் தம்ப், வி7-எம், நோஎஃப்பி என்று வர வேண்டும், ஜி071-க்குத் தம்ப், வி6-எம், நோஎஃப்பி. வெறும் புள்ளி வந்தால் தப்பு (2148-ஐ ஆர்ம் நிலையில் பில்டு செய்தால் மட்டும் புள்ளிதான் சரி). பிறகு எல்ஃப் கோப்பை ஆப்ஜ்டம்பில் பிரித்து மெம்காப்பியைப் பாருங்கள். வரிகள் எல்லாம் நான்கு பைட்டாக, ஹெக்ஸ் எண் ‘ஈ’ என்று தொடங்கினால் அது ஆர்ம் நிலை.

சிமேக்கில் சிப்புக்கு ஒரு டூல்செயின் கோப்பு, அதிலேயே சிபியு, தம்ப், ஃப்ளோட்-ஏபிஐ மூன்றையும் ஒரே மாறியில் வைத்து, சி ஃபிளாக், அசெம்பிளர் ஃபிளாக், லிங்கர் ஃபிளாக் மூன்றுக்கும் அந்த ஒரே மாறியைக் கொடுங்கள். மூன்று சிப்புக்கும் ஃப்ளோட்-ஏபிஐ ‘சாஃப்ட்’. பில்டு அடைவு சிப்புக்கு ஒன்று தனியாக. ஒரே அடைவில் சிப்பை மாற்றி மாற்றி எடுத்தால் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு, ஸ்டாடிக் நூலகம் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். வெளியிலிருந்து வந்த ‘டாட் ஏ’ நூலகம் இருந்தால் அதையும் மூன்று தடவை கம்பைல் செய்ய வேண்டும். எம்3-க்கு எடுத்ததை எம்0+-இல் ஒட்டவே கூடாது. ஒவ்வொரு பில்டின் முடிவிலும் ரீட்எல்ஃபின் பெரிய ‘ஏ’ ஆப்ஷனை ஓட்டி, சிபியு ஆர்க் டேகை ஸ்கிரிப்டே சரிபார்க்கட்டும், கண்ணால் பார்க்க வேண்டாம்.

அடுத்து மோட்பஸ். உங்கள் 00 02 04 அழகான தடயம். ஃபங்ஷன் 16 ஃப்ரேமில் முகவரி 0, ஃபங்ஷன் 1, தொடக்க ரெஜிஸ்டர் 2-3, எண்ணிக்கை 4-5, பைட் எண்ணிக்கை 6, தரவு 7-ஆம் பைட்டில் தொடங்கும். அதாவது ஒற்றைப்படை இடம். அங்கே 32 பிட் பாயின்டரை காஸ்ட் செய்து வாசிக்கிறீர்கள். எம்3 தாங்கிக்கொள்ளும், எம்0+ விழும். ஆர்ம்7 ஒரு மூன்றாவது வேலை செய்யும்: 4-இலிருந்து 7 வரை உள்ள அலைன் ஆன சொல்லை வாசித்து, அதை 24 பிட் வலப்பக்கம் சுழற்றிக் கொடுக்கும். பிறகு நீங்கள் பைட் வரிசையைத் திருப்புகிறீர்கள். கிடைப்பது 7-ஆம் பைட், 4, 5, 6. இரண்டு ரெஜிஸ்டர் எழுதும்போது எண்ணிக்கை 00 02, பைட் எண்ணிக்கை 04. மேல் பைட் சரி, மிச்சம் 00 02 04 என்று வந்தது அதனால்தான்.

பாயின்டர் காஸ்ட்டை எடுத்துவிட்டு நான்கு பைட்டையும் தனித்தனியாக வாசித்து ஷிஃப்ட் செய்து சேர்க்கும் சின்ன இன்லைன் ஃபங்ஷன் ஒன்று போதும். மோட்பஸ் பெரிய முனை முதலில் என்பதால் பைட் திருப்புகிற வேலையும் மிச்சம். 9600 பாட்டில் ஒரு பைட் வரவே ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், இங்கே வேகத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ‘பேக்டு’ ஸ்ட்ரக்ட் வைத்தும் தப்பிக்கலாம், ஆனால் அதன் உறுப்பின் முகவரியை எடுத்து வேறு ஃபங்ஷனுக்குக் கொடுத்த கணமே பழைய கதைதான். ஜிசிசி 9-இலிருந்து அதற்கு எச்சரிக்கை வருகிறது, அதை அடக்காதீர்கள்.

எம்3-இல் ஓடுகிறதே என்றும் நிம்மதி வேண்டாம். தனி எல்டிஆர் மட்டும்தான் அலைன் இல்லாமல் ஓடும். எல்டிஆர்டி, எல்டிஎம் அங்கேயும் ஃபால்ட். கம்பைலர் பக்கத்துப் பக்கத்து இரண்டு வாசிப்பை எல்டிஆர்டி ஆக்கினால், கோடு மாறாமலே ஒரு நாள் எஃப்103-உம் விழும்.

இவ்வகைப் பிழைகளை எஃப்103 மேசையிலேயே பிடிக்கலாம். சிசிஆர் ரெஜிஸ்டரின் 3-ஆம் பிட்டை டெவலப்மென்ட் பில்டில் ஏற்றிவிட்டால் அலைன் ஆகாத ஒவ்வொரு வாசிப்பும் யூசேஜ்ஃபால்ட் ஆகும். 4-ஆம் பிட்டையும் சேர்த்து ஏற்றுங்கள், பூஜ்யத்தால் வகுப்பது பிடிபடும் (இல்லாவிட்டால் எம்3 சத்தமில்லாமல் 0 கொடுக்கும்). கூடவே ‘நோ அன்அலைன்ட் ஆக்சஸ்’ ஃபிளாகும் நானோ நியூலிப்பும் வேண்டும். முழு நியூலிப்பின் வி7-எம் மெம்காப்பி தானே அலைன் இல்லாமல் வாசிக்கும், அதில் நின்று குழம்பக்கூடாது. எச்சரிக்கை ஃபிளாகில் ‘காஸ்ட் அலைன்’ என்பதோடு ‘ஸ்ட்ரிக்ட்’ என்றும் சேர்த்துப் போடுங்கள், டார்கெட் எதுவானாலும் எச்சரிக்கை வரும்.

அடாமிக் எர்ரருக்கு லிப்அடாமிக் தேடி அலைய வேண்டாம். எம்0+-இல் அந்தக் கட்டளை கிடையாது, ஆகவே ஜிசிசி நூலக அழைப்பு போடுகிறது. உங்களுக்கு அது எதற்கு வேண்டியிருக்கிறது? பல்ஸ் கவுண்டர்தானே? இன்டரப்ட் மட்டும் கூட்டட்டும், மெயின் லூப் வாசிக்க மட்டும் செய்யட்டும். அலைன் ஆன 32 பிட் வாசிப்பு மூன்று கோரிலும் நடுவில் அறுபடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கவுண்டரைப் பூஜ்யமாக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, போன வாசிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். அன்சைன்டு என்பதால் எண் சுற்றி வந்தாலும் கழித்தல் சரியாக வரும்.

---

மார்த்தாண்டம்மாமா:

மக்கா, லிங்கர் சொன்னது அத்தனையும் சரி. ஆனா 2148-ஐ எதுக்குக் கட்டிச் சுமக்கணும்? இப்ப ஓடுற பதிப்பை ஒரு தனிக் கிளையில் நிறுத்தி, அதுக்கான டூல்செயினையும் அப்படியே பத்திரப்படுத்தி, பெரிய பிழை வந்தா மட்டும் தொடு. புதுசா எதையும் அதுல சேர்க்காத. ரெண்டு கார்டெக்ஸை ஒண்ணா வைக்கிறது சுலபம், ஆர்ம்7 உள்ளே வந்தா ஸ்டார்ட்அப், இன்டரப்ட் எல்லாமே வேற உலகம்.

---

தக்கலை_லிங்கர்:

மாமா, கிளை பிரிப்பது போர்டு இனிமேல் மாறாது என்றால் சரி. இங்கே மோட்பஸ் ரெஜிஸ்டர் பட்டியல் மூன்று போர்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் மாஸ்டருக்கு எந்தக் கோபுரத்தில் எந்தச் சிப் என்று தெரியாது. கிளை பிரித்தால் ஒவ்வொரு ரெஜிஸ்டர் மாற்றத்தையும் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், இரண்டாவது இடம்தான் எப்போதும் விட்டுப்போகும்.

டூல்செயினைப் பற்றிப் பயம் வேண்டாம். ஜிசிசி 9-இல் ஆர்ம்வி2, வி3 போய்விட்டன, வி4டி இன்னும் இருக்கிறது. மூன்று சிப்புக்கும் ஒரே கம்பைலர் பதிப்பே போதும், எச்சரிக்கைகளும் ஒரே மாதிரி வரும். ஆனால் அந்த டூல்செயினைப் பத்திரப்படுத்தச் சொன்னது நல்ல யோசனை, மூன்றுக்கும் செய்யுங்கள்.

---

குளச்சல்_ஐஎஸ்ஆர்:

ஆர்ம்7-ஐ வைத்துக்கொள்வது என்று முடிவானால், வேறு உலகம் என்று மாமா சொன்ன பகுதி உண்மையில் நான்கைந்து கோப்புக்குள் அடங்கிவிடும். எங்கெல்லாம் கை வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கார்டெக்ஸ்-எம்மில் இன்டரப்ட் ஹேண்ட்லர் சாதாரண சி ஃபங்ஷன், ரெஜிஸ்டர்களை ஹார்டுவேரே ஸ்டாக்கில் வைக்கும். ஆர்ம்7-இல் ஹேண்ட்லருக்கு ‘இன்டரப்ட் ஐஆர்க்யூ’ அட்ரிபியூட் வேண்டும், அதோடு முடிவில் விஐசி (2148-இன் இன்டரப்ட் கன்ட்ரோலர்) வெக்டர் அட்ரஸ் ரெஜிஸ்டரில் 0 எழுத வேண்டும். எழுத மறந்தால் முதல் இன்டரப்ட் மட்டும் வரும், அதற்குப் பிறகு அமைதி. ஆகவே ஹேண்ட்லரில் லாஜிக் வேண்டாம். சிப்புக்கு உரிய கோப்பில் இரண்டு வரி உறை, அதிலிருந்து பொது ஃபங்ஷனுக்கு ஒரு அழைப்பு. டிஃபால்ட் வெக்டர் அட்ரஸையும் ஒரு வெற்று ஹேண்ட்லருக்குக் காட்டிவையுங்கள். இன்டரப்டை முடக்கும் அதே நொடியில் ஒன்று வந்தால் ஸ்பூரியஸ் ஆக அங்கேதான் போகும்.

கிரிட்டிகல் செக்‌ஷனுக்கு ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் போதும்: நுழை, வெளியேறு. கார்டெக்ஸில் பிரைமாஸ்க்கை (இன்டரப்டை முடக்கும் ரெஜிஸ்டர்) வாசித்து வைத்து, முடக்கி, பிறகு பழைய மதிப்பைத் திரும்ப எழுத வேண்டும். சும்மா ‘எனேபிள்’ போட்டால் ஒன்றுக்குள் ஒன்று வரும்போது உடையும். எஃப்103-இல் பேஸ்ப்ரி இருக்கிறதே என்று அங்கே மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஜி071-இல் அது இல்லை, இரண்டிலும் நேர நடத்தை வேறாகிவிடும். முன்னுரிமையும் அப்படித்தான்: எஃப்103-இல் 4 பிட், ஜி071-இல் 2 பிட்தான். 0 முதல் 3 வரைக்குள் திட்டமிட்டால் இரண்டிலும் ஓடும்.

ஆர்ம்7-இல் அதற்குப் பதில் சிபிஎஸ்ஆரின் (நிலை ரெஜிஸ்டர்) ஐ-பிட்டைத் தொட வேண்டும். இங்கே ஒரு பொறி: எம்ஆர்எஸ், எம்எஸ்ஆர் கட்டளைகள் அந்தக் காலத் தம்ப்பில் கிடையாது. மிச்சத்தை இடம் மிச்சம் பிடிக்கத் தம்ப்பில் எடுத்தாலும் இந்த ஒரு கோப்பை மட்டும் ஆர்ம் நிலையில் கம்பைல் செய்யுங்கள், இன்லைன் ஆக்க வேண்டாம். கையால் எழுதிய அசெம்பிளி இருந்தால் ‘பாப் பிசி’யில் திரும்பாமல் ‘பிஎக்ஸ்’ஸில் திரும்ப வேண்டும். வி4டி-இல் பாப் நிலையை மாற்றாது.

லிங்கர் ஸ்கிரிப்டில் 2148-இன் ஃப்ளாஷ் 0-இல், ரேம் ஹெக்ஸ் 40000000-இல். மற்ற இரண்டுக்கும் ஃப்ளாஷ் ஹெக்ஸ் 08000000, ரேம் ஹெக்ஸ் 20000000. ரேம் முறையே 32 கேபி, 20 கேபி, 36 கேபி. பொதுக் கோடுக்கான உச்ச வரம்பு எஃப்103-இன் 20 கேபிதான், ஃப்ளாஷிலும் அதன் 64 கேபிதான். 2148-இன் வெக்டர் டேபிளில் ஹெக்ஸ் 14-ஆம் இடத்தில் செக்சம் சரியாக இல்லாவிட்டால் பூட் ரோம் உங்கள் புரோகிராமை மதிக்காமல் ஐஎஸ்பி-யிலேயே (சீரியல் வழியாகப் புரோகிராம் ஏற்றும் நிலை) உட்கார்ந்திருக்கும். எல்பிசி21ஐஎஸ்பி கருவி அதைத் தானே போட்டுவிடும், ஜேடேக் வழியாக ஏற்றும்போதுதான் விட்டுப்போகும்.

காற்றின் வேகக் கணக்கில் ஃப்ளோட் இருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்றிலும் எஃப்பியு இல்லை. சரிவு 0.765, ஆஃப்செட் 0.35 உள்ள காற்றுமானி என்றால் மில்லிஹெர்ட்ஸை 765-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, 350 கூட்டினால் விடை மிமீ/செகண்டில். 20 ஹெர்ட்ஸுக்கு 15650, அதாவது 15.65 மீ/செ. 32 பிட் அன்சைன்டுக்குள் தாராளமாக அடங்கும். மூன்று போர்டும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை தரும் என்பதுதான் இதில் பெரிய லாபம்.

---

ஆரல்காற்று:

அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. லிங்க் ஃபிளாக்தான் குற்றவாளி, அதைச் சரி பண்ணதும் மெம்காப்பி பிரச்சினை போயிடுச்சு. பார்சரும் மூணு போர்டிலும் ஒரே மதிப்பு தருது.

இப்ப அடுத்தது. செட்டிங்ஸை உள் ஃப்ளாஷில் வைக்கிறோம். எஃப்103-இல் ரெக்கார்டை எழுதிட்டு, கடைசியா அதன் தலைப்பில் ‘செல்லும்’னு ஒரு 16 பிட் கொடி எழுதுவோம். ஜி071-இல் அந்தக் கொடி எழுதுற இடத்துல எர்ரர் வருது. இன்னொண்ணு, எழுதும்போது கரண்ட் போன ஒரு ஜி071 போர்டு அதுக்கப்புறம் எழும்பவே இல்லை. ஃப்ளாஷ் முழுக்க அழிச்சு ஏத்தினா ஓடுது.

---

தக்கலை_லிங்கர்:

எழுதும் அலகு வேறு. எஃப்103 16 பிட் அலகில் எழுதும், பக்கம் 1 கேபி. ஜி071 64 பிட் அலகில் எழுதும், பக்கம் 2 கேபி. அந்த 8 பைட்டுக்கும் சேர்த்து இசிசி (பிழை திருத்தக் குறியீடு) கணக்கிட்டு வைப்பதால், ஒரு தடவை எழுதிய 8 பைட்டுக்குள் இன்னொரு 16 பிட்டை அப்புறம் சேர்க்க முடியாது. 2148-இல் ஐஏபி (பூட் ரோமிலுள்ள ஃப்ளாஷ் எழுதும் ஃபங்ஷன்கள்) வழியாக 256, 512, 1024, 4096 பைட் என்ற அளவுகளில் மட்டும்தான் எழுதலாம்.

எழும்பாத போர்டுக்கும் காரணம் அதே இசிசி. பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால் அந்த 8 பைட்டில் இரட்டைப் பிட் பிழை பதிவாகும். அடுத்த தடவை வாசிக்கும்போது ஜி071 என்எம்ஐ (முடக்க முடியாத இன்டரப்ட்) எழுப்பும். ஸ்டார்ட்அப் கோப்பிலுள்ள வெற்று என்எம்ஐ ஹேண்ட்லர் முடிவில்லாத லூப், அதனால் ஒவ்வொரு பூட்டிலும் அங்கேயே நிற்கும். எஃப்103-இல் இசிசி இல்லாததால் இதுவரை தெரியவில்லை. என்எம்ஐ ஹேண்ட்லரில் ஃப்ளாஷ் இசிசி ரெஜிஸ்டரின் இசிசிடி பிட்டைப் பார்த்து, அழித்து, ‘இந்த ஸ்லாட் கெட்டது’ என்று ஒரு மாறியில் குறித்துவிட்டுத் திரும்புங்கள்.

வடிவத்தை மூன்றுக்கும் பொதுவாக மாற்றுவது நல்லது. செட்டிங்ஸ் முழுவதையும் ரேமில் சரியாக 256 பைட்டாகத் தயார் செய்யுங்கள்: வரிசை எண், தரவு, கடைசி 4 பைட் சிஆர்சி32. 256 என்பது 2-ஆலும் 8-ஆலும் வகுபடும், ஐஏபி-க்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். வெவ்வேறு அழிப்புப் பக்கத்தில் இரண்டு ஸ்லாட், மாற்றி மாற்றி எழுதுங்கள். பூட்டில் சிஆர்சி சரியாக இருப்பவற்றில் வரிசை எண் பெரியதை எடுங்கள். தனிக் கொடியே தேவையில்லை, சிஆர்சி சரியென்றால் செல்லும். சிஆர்சியை மென்பொருளிலேயே கணக்கிடுங்கள். எஃப்103-இன் சிஆர்சி ஹார்டுவேர் ஒரே பாலினாமியல், 32 பிட் சொல் மட்டும். ஜி071-இல் மாற்றி அமைக்கலாம், 2148-இல் ஒன்றுமே இல்லை.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பக்கம் அழிக்க எஃப்103-க்கும் ஜி071-க்கும் சில பத்து மில்லிசெகண்ட், அதுவரை ஃப்ளாஷிலிருந்து ஓடும் கோடு நிற்கும். 2148-இன் செக்டர் அழிப்பு 400 மில்லிசெகண்ட், அந்த நேரம் இன்டரப்டையும் முடக்க வேண்டும். பல்ஸை இன்டரப்டில் எண்ணினால் அந்த இடைவெளியில் தொலையும். டைமரின் வெளிக்கடிகார முறையில் ஹார்டுவேரே எண்ணட்டும், மெயின் லூப் டைமர் எண்ணை வாசித்துக் கழிக்கட்டும். யுஆர்டி வரவை இரண்டு எஸ்டிஎம்மிலும் டிஎம்ஏ-வில் ரேமுக்கு விடுங்கள். 2148-இல் யுஆர்டிக்கு டிஎம்ஏ கிடையாது. அங்கே பதிலை அனுப்பி முடித்த பிறகு மட்டும் அழிப்பைத் தொடங்குங்கள், மாஸ்டரின் டைம்அவுட் அரை செகண்டுக்கு மேல் இருக்கட்டும்.

அடுத்த போர்டு வரைபடத்தில் எஃப்எம்24சிஎல்64 போன்ற ஒரு ஐ2சி எஃப்ராம் வையுங்கள். 8 கேபி, அழிப்பே கிடையாது, எழுதக் காத்திருக்கவும் வேண்டாம். மேலே ஏற்கனவே மாட்டிய போர்டுகளுக்குத்தான் இந்த 256 பைட் ஏற்பாடு.

---

குளச்சல்_ஐஎஸ்ஆர்:

ஆர்எஸ்485 வழியாகவே ஃபர்ம்வேர் ஏற்றுவதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மூன்று ‘டாட் பின்’ கோப்பு இருக்கும்போது தப்பான கோப்பு ஒரு நாள் போகத்தான் செய்யும். இமேஜின் தொடக்கத்தில் நிலையான இடத்தில் போர்டு எண், நீளம், சிஆர்சி. பூட்லோடருக்குள் தன் போர்டு எண் மாறிலியாக இருக்கட்டும், ஒத்துப்போகாததை முதல் பிளாக்கிலேயே மறுக்கட்டும், அழிப்பதற்கு முன்னால். கார்டெக்ஸ் இரண்டிலும் சிபியுஐடி ரெஜிஸ்டரில் பார்ட் எண்ணையும் பார்க்கலாம் (எம்3-க்கு சி23, எம்0+-க்கு சி60), ஆனால் ஆர்ம்7-இல் அந்த இடமே இல்லை. பொதுவான வழி போர்டு எண்தான்.

பூட்லோடரிலிருந்து ஆப்புக்குத் தாவும்போது எஃப்103, ஜி071 இரண்டிலும் விடிஓஆர் (வெக்டர் டேபிளின் இடத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர்) உண்டு, அதை மாற்றினால் போதும். வெறும் எம்0-இல் அது கிடையாது, சிப் மாற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள். 2148-இல் ஆப்பின் முதல் 64 பைட்டை ரேமின் தொடக்கத்துக்குக் காப்பி செய்து மெம்மேப் ரெஜிஸ்டரில் 2 எழுத வேண்டும். ஆப்பின் லிங்கர் ஸ்கிரிப்டில் அந்த 64 பைட்டையும், ஐஏபி எடுத்துக்கொள்ளும் ரேமின் கடைசி 32 பைட்டையும் ஒதுக்கி வையுங்கள்.

---

வடசேரி_பாக்ஸ்:

இதையே கொஞ்சம் மேலே கொண்டுபோய் ஒரு கேள்வி. இந்த லாகர்களிலிருந்து வாங்கி அனுப்பும் லினக்ஸ் கேட்வேயும் ரெண்டு வகை: பழையது ஆர்ம்926, புதுசு கார்டெக்ஸ்-ஏ7. புதுசுக்கு எடுத்த பைனரியைப் பழசில் வச்சு ஓட்டினா ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ங்குது. ஃபைல் கண்ணுக்கு முன்னாடி இருக்கு, எக்ஸிக்யூட் அனுமதியும் இருக்கு.

---

தக்கலை_லிங்கர்:

இல்லாதது உங்கள் பைனரி அல்ல, அது கேட்கும் டைனமிக் லோடர். ஆர்ம்எச்எஃப் (ஹார்டு ஃப்ளோட்) பைனரி எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப் லோடரைத் தேடும், ஆர்ம்இஎல் (சாஃப்ட் ஃப்ளோட்) ரூட்எஃப்எஸ்ஸில் (மூலக் கோப்பமைப்பு) அந்த ‘ஆர்ம்எச்எஃப்’ ஒட்டு இல்லாத லோடர்தான் இருக்கும். சிறிய ‘எல்’ ஆப்ஷனோடு ரீட்எல்ஃப் ஓட்டினால் இன்டர்பிரிட்டர் வரியில் தெரியும். ஸ்டாடிக்காக லிங்க் செய்து அதைத் தாண்டினாலும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ வரும். ஆர்ம்926 வி5டிஇஜே, அதில் வி7 கட்டளைகளும் இல்லை, ஹார்டு ஃப்ளோட்டுக்கு வேண்டிய விஎஃப்பியும் பெரும்பாலும் இல்லை.

இங்கே ஒரே பைனரி என்ற ஆசையே வேண்டாம். பில்ட்ரூட்டில் இரண்டு டெஃப்கான்ஃபிக், இரண்டு அவுட்புட் அடைவு. டெபியனை நம்பியிருந்தால், ஆர்ம்இஎல்லுக்கு 13 (ட்ரிக்ஸி) தான் கடைசி வெளியீடு என்று அறிவித்துவிட்டார்கள். கேட்வே நிரல் கோ மொழியில் இருந்தால் ‘கோஆர்ம்’ மாறியைப் பழசுக்கு 5, புதுசுக்கு 7 என்று வைத்தால் வேலை முடிந்தது.

பழைய ரூட்எஃப்எஸ்ஸில் டைம்_டி 32 பிட்டாக இருந்தால் 2038 ஜனவரியில் நேரம் நிரம்பி வழியும். ஜிலிப்சி 2.34-இலிருந்து ‘டைம் பிட்ஸ்’ 64 என்று கொடுக்கலாம், அதோடு ‘ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்’ 64-உம் கட்டாயம். ஒரு நூலகத்துக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு விட்டால், நேரம் உள்ள ஸ்ட்ரக்டின் அளவு இருபக்கமும் வேறாகி நினைவகம் கெடும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

லாகருக்கும் கேட்வேக்கும் ஒரே தலைப்புக் கோப்பைப் பகிர்கிறீர்களா? அதில் ‘ஈனம்’ (பெயரிட்ட மாறிலிகளின் வகை) இருந்தால் எடுங்கள். வெறும்-உலோக ஆர்ம் கம்பைலர் சின்ன ஈனமை ஒரு பைட்டாக்கும், லினக்ஸ் கம்பைலர் நான்கு பைட்டாகவே வைக்கும். கம்பியில் போகும் எதற்கும் யுஇன்ட்8, யுஇன்ட்16, யுஇன்ட்32 மட்டும், ஸ்ட்ரக்டின் அளவுக்கு ஒரு ஸ்டாடிக் அசர்ட்.

---

ஆரல்காற்று:

கடைசியா ஒண்ணு. மூணு போர்டையும் ஒவ்வொரு கமிட்டுக்கும் மேசையில் வச்சுச் சோதிக்க முடியாது. எது குறைஞ்சபட்சம்?

---

குளச்சல்_ஐஎஸ்ஆர்:

ஒவ்வொரு கமிட்டுக்கும் மூன்று பில்டும் எச்சரிக்கை இல்லாமல் முடிய வேண்டும், எச்சரிக்கையையே எர்ரர் ஆக்குங்கள். அளவு ஸ்கிரிப்ட் எஃப்103-இன் 64 கேபி, 20 கேபி வரம்பைத் தாண்டினால் நிறுத்தட்டும். லாஜிக் பகுதியை மட்டும் பிசியில் கம்பைல் செய்து அலைன்மென்ட், அன்டிஃபைன்ட் சானிடைசர் இரண்டும் போட்டு ஓட்டுங்கள். பதிவு செய்த மோட்பஸ் ஃப்ரேம்களை, பஃபரின் 0, 1, 2, 3 ஆஃப்செட்டில் வைத்து நான்கு தடவை கொடுங்கள். பிசியில் ‘அன்சைன்டு கேர்’ ஃபிளாக் மறக்க வேண்டாம். ஆர்ம்மில் கேர் இயல்பாக அன்சைன்டு, எக்ஸ்86-இல் சைன்டு.

மேசையில் நிரந்தரமாக ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் ஜி071-ஐ வையுங்கள். பிழையை உடனே விழுந்து காட்டுவது அதுதான். 2148 விழாமல் தப்பான எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதை வெளியீட்டுக்கு முன் ஒரு தடவை கட்டாயம் ஓட்டிப் பார்த்து, மூன்று போர்டின் ரெஜிஸ்டர் டம்பையும் டிஃப் எடுங்கள்.